ஆப்பு போட்டும் திரும்பவில்லையா? பனிச்சறுக்கின் முதல் திருப்பத்தில் வரும் கோளாறுகளும் கைவைத்தியமும்

காஷ்மீரில் குல்மார்க்கின் பழகுசரிவு ஓரத்தில் ஒரு மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். புதிதாக ஸ்கீ என்ற நீளச் சறுக்குப் பலகைகளைக் காலில் கட்டியவர்கள் எல்லோரும் ஆறேழு விதமாகத்தான் விழுவார்கள். ஒருவர் கையை விரித்தபடி நேராகப் போய், வரிசையில் நிற்பவர்கள் மேல் விழுவார். ஒருவருக்கு இரண்டு ஸ்கீயும் முன்னால் பின்னிக்கொள்ளும். இன்னொருவர் இடப்பக்கம் அழகாகத் திரும்பி, வலப்பக்கம் வரும்போது உட்கார்ந்துவிடுவார். நான் இந்த எல்லா விதத்திலும் விழுந்தவன். நாற்பதைத் தாண்டிய வயதில், பனியை முதல்முறை கண்ணால் பார்த்த அதே வாரத்தில் ஸ்கீயும் கட்டினேன். முதல் மூன்று நாள் வாத்தியார் "குட்னே மோடோ, குட்னே மோடோ" என்று கத்திக்கொண்டே இருந்தார். முழங்காலை மடக்கு என்று அர்த்தம். மடக்கினேன். அப்படியும் விழுந்தேன். முழங்கால் மடங்கியிருக்கிறதா என்பதை விட, எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதே பெரிய விஷயம் என்று நான்காம் நாள்தான் புரிந்தது.

அந்தக் கோளாறுகளை இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் தாண்ட வேண்டாம்.

ஆப்பு எப்படித் திரும்புகிறது

எல்லோரும் முதலில் கற்பது ஸ்னோபிளவ். வட அமெரிக்காவில் குழந்தைகளுக்குப் பீட்சாத் துண்டு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டு ஸ்கீயின் முன்நுனிகளும் நெருங்கி, வால்கள் அகன்று நிற்கும். மேலிருந்து பார்த்தால் மரம் பிளக்கிற ஆப்பு மாதிரி இருக்கும், அதனால் ஆப்பு என்றே சொல்கிறேன். நம்மூரில் ஆப்பு வைப்பது என்றால் வேறு பொருள் உண்டுதான். முதல் நாள் முடிவில் அந்தப் பொருளும் பொருந்தும்.

இந்த நிலையில் வலது ஸ்கீ இடப்பக்கம் பார்க்கிறது, இடது ஸ்கீ வலப்பக்கம் பார்க்கிறது. இரண்டிலும் சம எடை இருந்தால் ஒன்றை ஒன்று தடுத்து, நேராக மெதுவாகப் போவீர்கள். வலது காலில் எடையைக் கூட்டினால் வலது ஸ்கீ ஜெயிக்கும். அது பார்க்கும் திசை இடப்பக்கம், எனவே இடப்பக்கம் திரும்புவீர்கள். வலப்பக்கம் போக இடது காலில் நிற்க வேண்டும். முழு நுட்பமும் இவ்வளவுதான். வளைவுக்கு வெளிப்பக்கம் இருக்கும் காலை வெளிக்கால் என்கிறேன். எந்தத் திருப்பத்திலும் வேலைக்காரன் வெளிக்கால். உள்கால் சும்மா கூட வந்தால் போதும்.

இன்னொரு சொல்லும் தேவைப்படும். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டினால் அது எந்தப் பக்கம் ஓடுமோ அந்தக் கோட்டை வாத்தியார்கள் ஃபால் லைன் என்பார்கள். நான் நீர்வழி என்கிறேன். திருப்பம் என்பது நீர்வழிக்கு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடந்து போவது. கடக்கும் அந்த ஒரு நொடி ஸ்கீ நேராகப் பள்ளத்தைப் பார்க்கும். பாதிக் கோளாறுகள் அந்த நொடியில் பிறக்கின்றன.

நவீன ஸ்கீயின் தாயகமான நார்வேயிலிருந்து இது ஆல்ப்ஸுக்கு வந்தபோது, செங்குத்தான சரிவில் வேகத்தை எப்படி அடக்குவது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்டில் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி என்பவர் ஒற்றைக் கோலை வைத்துக்கொண்டு, ஸ்கீயின் வாலைத் தள்ளித் திருப்பும் முறையை உருவாக்கிப் பலருக்குச் சொல்லிக்கொடுத்தார். 1905 மார்ச் 19 அன்று அவர் முக்கன்கோகல் மலையில் கம்பங்களை நட்டு நடத்திய போட்டியைத்தான் முதல் ஸ்லாலம் என்கிறார்கள். 1907-ல் ஆர்ல்பெர்க் பகுதியின் சாங்க்ட் ஆன்டன் ஊருக்குப் பயிற்றுநராக வந்த ஹான்னஸ் ஷ்னைடர் அதைப் படிப்படியான பாடமாக்கினார்: முதலில் ஆப்பு, பிறகு ஒரு காலை மட்டும் அகற்றித் திரும்புவது, கடைசியில் இரண்டையும் சேர்ப்பது. ஸ்கீ மாறிவிட்டது, பூட் மாறிவிட்டது. அந்த வரிசையின் முதல் படியில்தான் இன்றும் புதியவர்கள் ஏறுகிறார்கள்.

சரிவைக் குறை சொல்லுமுன் பூட்டைப் பாருங்கள்

என் முதல் நாள் முழுக்க வீணானது பூட்டால். வாடகைக்கு எடுத்த கடையில் "லூஸாக இருந்தால் வசதி" என்று ஒரு அளவு பெரியதாகக் கொடுத்தார்கள். குளிருக்குப் பயந்து நானும் இரண்டு சாக்ஸ் போட்டிருந்தேன். உள்ளே கால் ஒரு பக்கம் போக, பூட் ஒரு பக்கம் போக, ஸ்கீ தன் இஷ்டத்துக்குப் போனது. ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கும் பழைய லாரியை ஓட்டிய மாதிரிதான்.

முழங்கால் வரை வரும் ஒரே ஒரு சாக்ஸ் போதும். இரண்டு போட்டால் நடுவில் மடிப்பு விழும், ரத்த ஓட்டம் குறையும், குளிரும் கூடும். தெர்மல் பேன்ட்டின் விளிம்பு, ஜிப், எதுவும் பூட்டுக்குள் போகக்கூடாது. பூட்டின் நாக்குக்கும் கணைக்காலுக்கும் நடுவே சாக்ஸ் தவிர ஒன்றுமே இருக்கக்கூடாது. நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னே மடக்கினால் அந்தத் தொடுதல் விலக வேண்டும். குதிகால் மேலே எழும்பவே கூடாது. கொக்கிகளில் கணுக்கால் பக்கம் இருப்பதும் மேலே இருப்பதும் இறுக்கம், விரல் பக்கம் இருப்பது வெறுமனே மாட்டியிருந்தால் போதும். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். விரல் பக்கம் இறுக்கிவிட்டுக் கால் மரத்துப்போனது என்று புலம்புகிறார்கள்.

ஸ்கீயின் நீளம் உங்கள் தாடைக்கும் மூக்குக்கும் இடையே இருந்தால் பழகுவதற்கு எளிது. "நீங்கள் உயரம்" என்று தலைக்கு மேலே போகும் ஒன்றைக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள்.

சரிவுக்கும் ஒரு சோதனை உண்டு. மேலிருந்து ஸ்கீயை நேராக வைத்து, ஒன்றும் செய்யாமல் விட்டால், கீழே சமதளத்தில் தானாகவே நிற்க வேண்டும். அப்படி நிற்காத இடம் உங்களுக்கு இன்னும் பழகுசரிவு ஆகவில்லை. கீழே வருகிற கோளாறுகளில் எதற்குமே முதல் மருந்து, இன்னும் கொஞ்சம் சாய்வு குறைந்த இடத்துக்குப் போவதுதான். கௌரவம் பார்க்கவேண்டாம்.

"ஆப்பு போட்டேன், வேகம் குறையவே இல்லை"

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இந்த நேரத்தில் பின்னால் சாய்ந்திருப்பார்கள். பயந்தால் உடம்பு பள்ளத்திலிருந்து விலகப் பார்க்கும், அது இயல்பு. ஆனால் பின்னால் சாய்ந்தால் எடை வாலுக்குப் போய்விடும். முன்பாதி பனியைத் தொட்டும் தொடாமலும் போகும். நிறுத்துவதும் திருப்புவதும் முன்பாதியின் வேலை, அங்கே யாருமே இல்லை என்றால் ஸ்கீ ஓடத்தானே செய்யும்?

கண்டுபிடிக்க ஒரு வழி: ஓடும்போது கணைக்கால் எலும்பு பூட்டின் நாக்கை அழுத்துகிறதா என்று கவனியுங்கள். அழுத்தம் கெண்டைச்சதைப் பக்கம் தெரிந்தால் நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இதற்கு "முன்னால் குனி" என்று சொன்னால் எல்லோரும் இடுப்பை மடக்கிக் குனிவார்கள், பின்பக்கம் இன்னும் பின்னே போகும். இடுப்பை விட்டுவிடுங்கள். கணுக்காலை மடக்குங்கள். கைகள் இரண்டும் உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், கல்யாண வீட்டில் பாயசத் தட்டு ஏந்தி வருகிறவர் மாதிரி முன்னால் இருக்கட்டும். கை பின்னே போனால் உடம்பும் பின்னே போகும்.

முன்னால்தான் நிற்கிறீர்கள், அப்படியும் ஓடுகிறதா? ஸ்கீ பனியில் தட்டையாகப் படிந்திருக்கும். வாலை அகற்றினால் மட்டும் போதாது, உள்விளிம்பு பனியைச் சுரண்ட வேண்டும். இரண்டு கட்டைவிரலுக்கும் கீழே உள்ள மேட்டில் அழுத்தம் தெரிகிறதா என்று பாருங்கள். சுரண்டும் சத்தம் காதில் விழும், அந்தச் சத்தம் நல்ல அறிகுறி. ஆனால் முழங்கால்களை ஒன்றோடொன்று ஒட்டி விளிம்பைப் பிடிக்காதீர்கள். அது முட்டியைக் கெடுக்கும், அடுத்த கோளாறையும் கூட்டிக்கொண்டு வரும்.

இன்னும் ஒரு காரணம்: தாமதம். வேகம் பிடித்த பிறகு ஆப்பை அகலமாக்கினால் அது நிற்கச் சில மீட்டர் எடுக்கும். முதல் நொடியிலிருந்தே ஆப்போடு கிளம்புங்கள்.

"முன்நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன"

இதில் பெரிய ரகசியம் இல்லை. நுனிகளுக்கு நடுவே ஒரு கைமுட்டி அளவு இடைவெளி வேண்டும். நுனியை நெருக்கப் பார்க்காதீர்கள், குதிகாலை வெளியே தள்ளுங்கள். கண் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தால் நுனிகள் சேர்ந்துகொண்டே போகும்.

பலருக்கு ஒரே ஒரு ஸ்கீதான் குற்றவாளி. ஒரு கால் நன்றாகத் தள்ளும், மற்றது நேராகவே இருக்கும். தள்ளுகிற ஸ்கீ போய் நேராக நிற்பதன் மேல் ஏறிவிடும். எது மேலே ஏறுகிறது என்று இரண்டு தடவை கவனித்தாலே எந்தக் கால் சோம்பேறி என்று தெரியும். சமதளத்தில் நின்றபடியே அந்தக் குதிகாலை மட்டும் இருபது தடவை வெளியே தள்ளி உள்ளே இழுங்கள், பனியில் விசிறி மாதிரி தடம் விழும். பத்து நிமிட வேலை.

"நேராகவே போகிறது, திரும்ப மாட்டேன் என்கிறது"

இதுதான் என் சொந்தக் கோளாறு, கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

இடப்பக்கம் திரும்ப வேண்டும். வலது காலில் எடை போட வேண்டும் என்று மூளைக்குத் தெரியும். உடம்போ இடப்பக்கம் சாய்கிறது. இடது காலில் எடை ஏறுகிறது, இடது ஸ்கீ வலப்பக்கம் இழுக்கிறது, வலது ஸ்கீ இடப்பக்கம் இழுக்கிறது, இரண்டும் சேர்ந்து நேராகக் கொண்டுபோய் விடுகின்றன. ஏன் உடம்பு இப்படிச் செய்கிறது என்று ஒரு ராத்திரி யோசித்தபோது சிரிப்பு வந்தது. இருபத்தைந்து வருடமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். இரு சக்கர வண்டியில் எந்தப் பக்கம் திரும்புகிறோமோ அந்தப் பக்கம் சாய்வோம். அந்தப் பழக்கம் எலும்பில் ஊறியிருக்கிறது. நம்மூரிலிருந்து பனிக்குப் போகிற பலருக்கும் இது இருக்கும் என்று நினைக்கிறேன், சைக்கிளே ஓட்டாத சின்னப் பிள்ளைகள் நம்மை விட வேகமாகக் கற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஸ்கூட்டரை மறந்துவிட்டு டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பியைப் பிடித்து நின்றபடி போகிறீர்கள். பஸ் இடப்பக்கம் வளைகிறது. உடம்பு வலப்பக்கம் தள்ளப்படுகிறது, வலது காலை அழுத்தி ஊன்றித் தாங்குகிறீர்கள். அந்த ஊன்றல்தான் வேண்டும், வளைவு தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னாலேயே.

இதை உடம்புக்குச் சொல்ல நான் செய்த பயிற்சிகள் மூன்று. கோல்களைக் கீழே வைத்துவிட்டு, வெளிக்காலின் முழங்காலை அதே பக்கத்துக் கையால் தொட்டபடி திரும்புவது முதலாவது. இடப்பக்கம் திரும்ப வலது கை வலது முழங்காலை அழுத்தும். எடை தானாகவே அங்கே போய்விடும். பார்க்கக் கொஞ்சம் கோமாளித்தனமாக இருக்கும், பரவாயில்லை. இரண்டாவது, விமானம் மாதிரி இரண்டு கைகளையும் விரித்து, வெளிப்பக்கத்து இறக்கையைத் தாழ்த்துவது. எனக்கு இது அவ்வளவு உதவவில்லை, கூட வந்த நண்பருக்கு இதில்தான் திருப்பமே வந்தது. மூன்றாவது ஒரு சோதனை: திருப்பத்தின் நடுவில் உள்ஸ்கீயின் வாலைப் பனியிலிருந்து ஒரு விரல்கடை தூக்கிப் பாருங்கள். தூக்க முடிந்தால் எடை சரியான காலில் இருக்கிறது. முடியவில்லை என்றால் மனதில் என்ன நினைத்திருந்தாலும் எடை உள்காலில்தான் இருக்கிறது. இந்தச் சோதனை பொய் சொல்லாது.

எடை சரியாகவே இருந்து, அப்படியும் திருப்பம் கட்டை மாதிரி வருகிறதென்றால், உள்காலின் விளிம்பு பனியைப் பிடித்துக்கொண்டிருக்கும். உள்காலைத் தளர்த்துங்கள். அந்த முழங்காலை வளைவின் பக்கமாக லேசாகத் திறந்தால் ஸ்கீ தட்டையாகிப் பிடியை விடும். நெற்களத்தில் போர் அடிக்கும்போது மாடுகள் சுற்றுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்மாடு நின்ற இடத்திலேயே அசைந்து கொடுக்கும், தூரம் நடப்பது வெளிமாடு.

பிறகு பொறுமை. எடையை மாற்றிய அரை நொடியில் ஸ்கீ திரும்பாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணுங்கள். மூன்றுக்குள் திரும்பும். இரண்டிலேயே அவசரப்பட்டு உடம்பை முறுக்கினால் எல்லாம் கலைந்துவிடும்.

"இடப்பக்கம் வருகிறது, வலப்பக்கம் வரவில்லை"

எல்லோருக்கும் ஒரு பக்கம் மட்டம்தான். வலக்கால் பழக்கமுள்ளவருக்கு வலது காலில் நின்று இடப்பக்கம் திரும்புவது பெரும்பாலும் எளிதாக வரும். முதலில் பூட்டுகளின் கொக்கி இரண்டு காலிலும் ஒரே இறுக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சில நேரம் கோளாறு அதோடு தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் முழுத் திருப்பத்தை விட்டுவிட்டுப் பாதித் திருப்பம் பழகுங்கள். சரிவின் குறுக்கே மெதுவாகப் போய்க்கொண்டே, ஸ்கீயைக் கொஞ்சம் பள்ளத்தின் பக்கம் நழுவவிட்டு, மறுபடி வந்த பக்கமே மேல்நோக்கித் திருப்புங்கள். நீர்வழியைக் கடக்கவே வேண்டாம், அதனால் பயமும் இல்லை. பலவீனமான கால் வெளிக்காலாக இருக்கும்படி திசையைத் தேர்ந்து, சரிவின் ஓரம் வரும்வரை நாலைந்து தடவை இப்படி மாலை கோத்த மாதிரி போகலாம். காலையில் கால் களைக்குமுன் இதைச் செய்யுங்கள். சாயங்காலம் களைத்த காலோடு கெட்ட பக்கத்தைப் பழகினால் கெட்டதே பழகும்.

"திருப்பம் தொடங்குகிறது, பாதியில் பயம் வந்து உட்கார்ந்துவிடுகிறேன்"

நீர்வழியைக் கடக்கும் நொடி இது. ஸ்கீ நேராகப் பள்ளத்தைப் பார்க்கிறது, வேகம் கூடுகிறது, உடம்பு பின்னே சாய்கிறது, முன்பாதி லேசாகிறது, திருப்பம் நின்றுவிடுகிறது, வேகம் இன்னும் கூடுகிறது. பிறகு விழுவதுதான் ஒரே பிரேக். விழுந்த இடம் நீர்வழியாக இருந்தாலும், இதன் வேர் பெரும்பாலும் அதற்கு முந்தைய திருப்பத்தில் இருக்கும். அந்தத் திருப்பத்தை முடிக்காமல் விட்டிருப்பீர்கள்.

புதியவர்கள் ஸ்கீ கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பியதுமே "ஆயிற்று" என்று அடுத்த பக்கம் எடையை மாற்றிவிடுவார்கள். பனியில் விழும் தடம் மின்னல்கோடு மாதிரி இருக்கும், நீர்வழியை ஒட்டியே. ஒவ்வொரு திருப்பத்திலும் மிச்ச வேகம் அடுத்ததற்குக் கடனாகச் சேரும். நாலாவது திருப்பத்தில் வட்டியோடு கேட்கும். ஸ்கீ சரிவுக்குக் குறுக்காக, ஏன், லேசாக மேட்டையே பார்க்கும் வரை வெளிக்காலில் நில்லுங்கள். கிட்டத்தட்ட நின்றுவிடும் வேகம் வரட்டும். அப்புறம் அடுத்ததைத் தொடங்குங்கள். ஆற்று மணலில் பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி, அகலமான வளைவுகள். வேகத்தை ஆப்பின் அகலம் ஒன்றாலேயே அடக்கினால் தொடை செத்துவிடும், வளைவின் வடிவம் அதில் பாதியைத் தாங்கிக்கொள்ளும்.

கண்ணையும் கவனியுங்கள். பயம் வந்ததும் பார்வை ஸ்கீயின் நுனிக்கு இறங்கும், அல்லது மோதக்கூடாத மரத்தின் மேல் நிற்கும். மரத்தைப் பார்த்தால் மரத்துக்கே போவீர்கள். எங்கே போய் முடிக்கப்போகிறீர்களோ அந்த இடத்தைப் பாருங்கள். என் வாத்தியாரின் இரண்டாவது மந்திரம் "ஆகே தேக்கோ". முன்னால் பார். முதலாவதை விட இதுதான் எனக்கு அதிகம் உதவியது.

மூச்சை அடக்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் உண்டு. வாய்விட்டு எண்ணினாலோ ஏதாவது பாட்டை முணுமுணுத்தாலோ மூச்சு தானாக வெளியே வரும்.

"உடம்பு திரும்பிவிட்டது, ஸ்கீ திரும்பவில்லை"

தோளையும் கையையும் வீசித் திருப்ப முயல்கிறீர்கள். மார்பு இடப்பக்கம் பார்க்கும், ஸ்கீ நேராக ஓடும், பிறகு திடீரென்று வால் சறுக்கிக்கொண்டு வெளியே வந்து உங்களைச் சுற்றிவிடும். ஸ்கீ திரும்புவது காலால். இரண்டு கோல்களையும் சேர்த்துக் கிடையாக, காவடித் தண்டு மாதிரி ஆனால் தோளில் வைக்காமல், மார்புக்கு முன்னால் பிடியுங்கள். கீழே ஒரு கம்பத்தையோ கட்டடத்தையோ தேர்ந்துகொண்டு, தண்டு எப்போதும் அதற்கு நேராக இருக்கும்படி இரண்டு மூன்று திருப்பம் போட்டுப் பாருங்கள். தண்டு சுற்றினால் தோள் வேலை செய்கிறது என்று அர்த்தம். கோலைப் பற்றி என் கருத்து: முதல் நாள் வேண்டவே வேண்டாம். கையில் இருந்தால் ஊன்றி நிறுத்தப் பார்ப்போம், அந்த வேலை அதற்கு இல்லை.

"நேற்று வந்தது, இன்று வரவில்லை"

பனி மாறியிருக்கும். காலையில் ராத்திரிக் குளிரில் இறுகிய பனி கண்ணாடி மாதிரி இருக்கும், விளிம்பு பிடிக்காமல் வழுக்கும். வெயில் வரும்வரை ஒரு கஹ்வா, அதாவது காஷ்மீர்த் தேநீர், குடித்துவிட்டு வாருங்கள். பிற்பகலில் வெயில்பட்டுக் களி மாதிரியான பனியில் ஸ்கீ சிக்கிச் சிக்கி வரும், எடை மாற்றத்தை இன்னும் மெதுவாகச் செய்ய வேண்டும். ராத்திரி முழங்கால் ஆழத்துக்குப் புதுப்பனி விழுந்திருந்தால் ஆப்பே எடுபடாது, வாலைத் தள்ள முடியாமல் பனி தடுக்கும். குல்மார்க்கின் மாவுப்பனிக்காக உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், கோண்டோலா என்ற கம்பிவட வண்டியில் அஃபர்வாட் மலையின் தோளுக்கு ஏறிப்போகிறார்கள். அது அவர்களுக்கு. நமக்கு மிதித்து அமுக்கிய பாதை வேண்டும்.

அல்லது மாறியது நீங்களாக இருக்கலாம். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்து இறங்கிய இரண்டாம் நாள், சரிவில் பத்தடி ஏறினாலே மூச்சு வாங்கும். குளிரில் தாகம் தெரியாது, தண்ணீர் குடிக்க மறந்துபோகும். மதியத்துக்கு மேல் நேற்றைய திருப்பம் வரவில்லை என்றால் அது நுட்பக் கோளாறாக இருக்காது. அன்றைக்குப் போதும்.

வலிகள் சொல்லும் சேதி

முன்தொடை எரிந்தால் பின்னால் சாய்ந்திருக்கிறீர்கள், சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே உட்கார்ந்த நிலையில் மணிக்கணக்கில் நின்றால் எரியாமல் என்ன செய்யும்? பாதத்தின் வளைவில் சுளுக்குப் பிடித்தால் பூட்டுக்குள் விரல்களை நகம் மாதிரி மடக்கிப் பனியைப் பிடிக்கப் பார்க்கிறீர்கள், விரல்களை விரித்துவிடுங்கள். கணைக்காலில் ஒரே இடத்தில் வலித்தால் பூட் தளர்ந்து அடிக்கடி மோதுகிறது, அல்லது சாக்ஸ் மடிந்திருக்கிறது. கழற்றிப் பார்க்காமல் தாங்கிக்கொண்டிருந்தால் மறுநாள் பூட்டே போட முடியாது.

முட்டி மட்டும் தனி. விழும்போது முட்டிக்குள் "டப்" என்று சத்தம் கேட்டாலோ, வீங்கினாலோ, ஊன்றும்போது நழுவுகிற மாதிரி இருந்தாலோ, அதற்கு இந்தக் கட்டுரையில் வைத்தியம் கிடையாது. ஸ்கீயைக் கழற்றிவிட்டு அங்கேயே உட்காருங்கள், கீழே போவதற்கு ஆள் கூப்பிடுங்கள். "மெதுவாக இறங்கிவிடலாம்" என்று நினைக்காதீர்கள்.

"ஸ்கீ கழன்றுவிடுகிறது" அல்லது "கழலவே இல்லை"

மாட்டும்போது பூட்டின் அடியில் பனி ஒட்டியிருந்தால் பைண்டிங், அதாவது பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பிடி, சரியாகப் பூட்டாது, ஒன்றுமில்லாததற்கெல்லாம் கழன்றுவிடும். கோலாலோ பைண்டிங்கின் விளிம்பிலேயோ அடிப்பாகத்தைச் சுரண்டிவிட்டு, முதலில் விரல் பக்கம் நுழைத்து, பிறகு குதிகாலை மிதியுங்கள். "டக்" என்ற சத்தம் கேட்க வேண்டும்.

சுத்தமாக மாட்டியும் கழன்றால், அல்லது முறுக்கி விழுந்தும் கழலாவிட்டால், பைண்டிங்கில் வைத்திருக்கும் எண் உங்களுக்கானது இல்லை. அது டின் எண். எடை, உயரம், வயது, பூட்டின் அடி நீளம், எவ்வளவு பழகியவர் என்பவற்றை வைத்துக் கணக்கிட்டுத் திருகி வைப்பார்கள். நீங்களே ஸ்க்ரூடிரைவர் எடுக்காதீர்கள். கடைக்குப் போய், எடையைக் கூச்சப்படாமல் சரியாகச் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். ஐந்து கிலோ குறைத்துச் சொன்னால் அழகு கூடாது, பைண்டிங்தான் சீக்கிரம் கழலும். கூட்டிச் சொன்னால் அதைவிட மோசம், கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முட்டியை முறுக்கும்.

விழுவதையும் பழகிக்கொள்ளுங்கள். தவிர்க்க முடியாது என்று தெரிந்தால் பக்கவாட்டில், மேட்டின் பக்கம் இடுப்பைச் சாயுங்கள். கையைப் பின்னால் ஊன்றாதீர்கள். எழுந்திருக்க, இரண்டு ஸ்கீயையும் உங்களுக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து நீர்வழிக்குச் சரியான குறுக்காக வையுங்கள். கொஞ்சம் பள்ளத்தைப் பார்த்தாலும் பாதி எழுந்ததுமே ஓட ஆரம்பிக்கும். முடியவில்லையா, மேட்டுப்பக்கத்து ஸ்கீயைக் கழற்றிவிட்டு எழுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தாலும் அவர்களும் அடுத்த நிமிடம் விழப்போகிறவர்கள்தான்.

எழுந்ததும் சரிவின் நடுவிலேயே நின்று பனியைத் தட்டிக்கொண்டிருக்காமல் ஓரத்துக்குப் போய்விடுங்கள். மறுபடி கிளம்புமுன் மேலே திரும்பிப் பாருங்கள். சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் பத்து விதிகளில் இவை இரண்டும் உண்டு. கீழே போகிறவருக்குத்தான் முன்னுரிமை, மேலிருந்து வருகிறவர்தான் விலகிப் போக வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. ஆனால் மேலிருந்து வருகிறவரும் உங்களைப் போலவே நிறுத்தத் தெரியாதவராக இருந்தால் என்ன செய்வீர்கள்? அதனால் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

எப்போது அடுத்த படி

இரண்டு பக்கமும், எண்ணாமல், பத்துத் திருப்பம் தொடர்ந்து வந்தால் சரிவை மாற்றலாம். எல்லாம் ஒரே நாளில் வராது. உத்தராகண்டின் ஆலியிலும் குல்மார்க்கிலும் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று நடத்தும் பயிற்சிகள் அந்த நீளத்துக்குக் காரணமில்லாமல் இல்லை.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ ஒன்று கவனிப்பீர்கள். திருப்பத்தை முடித்துச் சரிவின் குறுக்கே போகும்போது, வேலை இல்லாத உள்ஸ்கீ தானாகவே வெளிஸ்கீயின் பக்கம் நழுவி வந்து இணையாக நிற்கும். அதைப் பிடித்து மறுபடி ஆப்பாக்காதீர்கள், வரட்டும். அடுத்த திருப்பத்துக்கு மட்டும் வாலைக் கொஞ்சம் திறந்தால் போதும். எனக்கு அது முதல்முறை நடந்தபோது ஏதோ கோளாறு என்று பயந்து வாத்தியாரைப் பார்த்தேன். அவர் கத்தவில்லை. கோலால் மேலே இருந்த அடுத்த சரிவைக் காட்டினார்.